புஷ்பத்தின் பதினேழு மரங்கள்

ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டதும் புஷ்பம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாளியோடு மாடி ஏறுகிறார். தரையில் அங்கங்கே பதினேழு தேங்காய்ச் சிரட்டைகள். ஒவ்வொன்றிலும் சேரும் தண்ணீரை வாளியில் ஊற்றிவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைக்கிறார். வரிசை மட்டும் மாறவே மாறாது. "ஒண்ணாம் மரத்துல ஆரம்பிச்சாதாங்க கடைசி மரம் நெனப்புல நிக்கும்" என்பார். மரம் என்று அவர் சொல்வது கூரை ஒழுக்கை.

இருபத்தாறு வருடம் தோட்டத்தில் மரத்துக்கு மரம் சிரட்டை வைத்து ரப்பர் பால் வெட்டியவர். இப்போது இரத்தினபுரிப் பழைய கடைவீதியில் இந்த மாடி வீட்டுக்குக் காவல், குடியிருப்பு பின்கட்டில். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று வாசல் பலகை மூன்று மொழியில் சொல்கிறது. அப்படியொரு பாதுகாப்பு, அனுமதிக் கடிதம் இல்லாமல் உடைந்த ஓடு ஒன்றைக்கூட மாற்ற முடியாது. "ஓடு மாத்த மேசன் பாஸ் ரெடிங்க. கடுதாசிதான் மூணு வருசமா வரல" என்கிறார். "தோட்டத்துல மழ பேஞ்சா வேல இல்ல. இங்க மழ பேஞ்சாதான் வேல."

சிரிப்பதெல்லாம் உதட்டோடு சரி. உத்தரம் உளுத்துவருகிறது. அது விழுந்தால் பின்கட்டையும் சேர்த்தே பூட்டிவிடுவார்கள். தோட்டத்தில் குடியிருந்த லயத்து அறை எப்போதோ வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. அந்தப் பயத்தில் அவருக்குச் சோறு இறங்காத நாள்களும் உண்டு.

அந்த அனுமதிக்காகப் பார்வையிட வரும் அதிகாரி ஜெயரூபி, யாழ்ப்பாணத்துப் பெண். நல்லவர்தான். ஆனால் வரும் நாளெல்லாம் வெயில். மழை ஓயாத இரத்தினபுரியில் வெயில் நாளாகப் பார்த்துப் பிடிக்கவும் ஒரு ராசி வேண்டும்.

போன செவ்வாயும் அப்படியே.

"எல்லாம் காய்ஞ்சுதானே கிடக்கு, அக்கா. படம் எடுக்கோணும், இந்தச் சிரட்டையளை எடுங்கோ."

"எடுத்தா எடம் தெரியாமப் போயிரும், மிஸ்."

"பரவாயில்லை, எடுங்கோ."

எடுத்து அடுக்கினார். ஜெயரூபி படம் எடுத்து முடித்து, வெறுமையான தரையில் மேசையை இழுத்துப் போட்டு, ஃபைலை விரித்து, 'ஒழுக்கு எதுவும் இல்லை' என்று எழுதினார். எழுதி முடிப்பதற்குள் வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. முதல் சொட்டு அந்த வரியின் மேலேயே விழுந்து மை கரைந்தது. அவர் பதறிப்போய் ஃபைலை இழுக்கப் பார்த்தார்.

"அசைக்காதீங்க மிஸ். ஒம்பதாம் மரம்" என்ற புஷ்பம், அடுக்கிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து அந்த வரியின் மேல் வைத்தார்.