பெரிய கப்பைக் கடைசிக்குத் தள்ளின கதை

மேடையில மைக் பிடிக்கிறவனுக்குப் பசியும் வரக்கூடாது, ஒண்ணுக்கும் வரக்கூடாது. எங்க தொழிலோட முதல் சட்டம் இதுதான். நான் ஹட்டன் பக்கம் ஒரு ஸ்கூல்ல வாத்தியார். சனி ஞாயிறு வந்தா அறிவிப்பாளர். கல்யாணம், காதுகுத்து, தேர்த்திருவிழா, எதுவா இருந்தாலும் "மாஸ்டர், ரெண்டு வார்த்தை பேசிக் குடுங்க"ன்னு இழுத்துட்டுப் போயிடுவாங்க. நீங்களும் எங்கயாவது ஒரு மேடையில இப்படி மாட்டிக்கிட்டு, எச்சில் வத்திப்போய் நின்னவங்களா இருந்தா நாம ஒரே கட்சி. உங்ககிட்ட சொல்லாம இந்தக் கதையை வேற யார்கிட்ட சொல்லப்போறேன்?

இந்தத் தடவை கூப்பிட்டது ஒரு பல்கலைக்கழகம். கலர்ஸ் நைட். வருசம் பூரா விளையாட்டுல சாதிச்ச பிள்ளைகளுக்குக் கோட்டும் கேடயமும் குடுத்து, அதுல ஆகச் சிறந்த ஒருத்தருக்குப் பெரிய கப்பும் குடுக்கிற விழா. பேருதான் நைட். நுவரெலியா பனிக்குப் பயந்து பகல் சாப்பாடு செமிக்கிறதுக்குள்ள ஆரம்பிச்சிடுவாங்க. சிங்களத்துல அறிவிக்க நிலந்தி மிஸ், தமிழுக்கு நான்.

மிஞ்சின துணி

விழாவுக்கு முந்தின வாரம் என் பழைய கோட்டைக் கொஞ்சம் பெருசாக்கித் தரச் சொல்லி ஹட்டன் டவுன்ல நவாஸ் நானா கடைக்குப் போனேன். வயிறு வளர்ந்தா கோட்டும் வளரணும்ல. பிள்ளைகளுக்குக் குடுக்கப்போற கோட்டெல்லாம் அவர்தான் தச்சுக்கிட்டு இருந்தார். எத்தனையோ தொரைமாருக்குத் தச்ச கை அது. லேசுல எதையும் மெச்சாத மனுசன், அன்னைக்கு ரெண்டு கோட்டை ஆணியில மாட்டிவச்சுட்டு இடுப்புல கைய வச்சுப் பாத்துக்கிட்டே நின்னார்.

ஒண்ணு பளுதூக்குற ரொஷானோடது. அதை விரிச்சா ரெண்டு பேர் படுத்து எழும்பலாம். மத்தது ஸ்கூல் பிள்ளையோடது மாதிரி சின்னதா இருந்துச்சு. யாரோடதுன்னு கேட்டேன். தூர ஓட்டம் ஓடுற புவனேஸ்வரின்னு ஒரு பிள்ளை, உடப்புசல்லாவைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளைன்னு சொன்னார். சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார்.

"மாஸ்டர், அந்தப் பொடியனுக்கு வெட்டினதுல மிஞ்சின துணியிலயே இந்தப் புள்ளைக்கு முழுக் கோட்டும் வந்துட்டு, ஆனா பெரிய கப்பு இவளுக்குத்தானாம்."

லொறியோட போட்டி

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. ஒவ்வொரு பிள்ளையைப் பத்தியும் மேடையில ரெண்டு வரி சொல்லணுமே, அதுக்காக ஒவ்வொருத்தரா கூப்பிட்டு விசாரிச்சேன். புவனா வந்து கையைக் கட்டிக்கிட்டு நின்னா. பல்கலைக்கழகங்களுக்கு இடையில நடந்த பத்தாயிரம் மீட்டர்ல முதலாவதா வந்த பிள்ளை, என் முன்னால வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை மாதிரி முழிச்சா.

"யாரும்மா பழக்கினது?"ன்னு கேட்டேன். தேயிலைக் கொழுந்து ஏத்துற லொறின்னா. எனக்கு விளங்கல. அப்புறம் சொன்னா: மலை உச்சியில கொழுந்து நிறுத்து ஏத்திக்கிட்டு லொறி ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு பேக்டரிக்கு இறங்குமாம். ஸ்கூல் விட்டு வந்ததும் இவ மேல போய் நின்னுக்குவா. லொறி கிளம்பினதும் இவ தேயிலைக்கு நடுவுல படிக்கட்டுப் பாதையில இறங்கி, லொறி வர்றதுக்கு முந்தி பேக்டரி வாசல்ல போய் நிப்பாளாம். டிரைவரும் விடமாட்டாராம், தோத்துப்போனா ஹோன் அடிச்சு ஒத்துக்குவாராம். சரி, குறுக்கு வழியில ஓடிப் பழகினவங்கிறதையே ரெண்டு வரியா சொல்லிடலாம்னு பேனாவை எடுத்தேன்.

"குறுக்கால இறங்கி ஜெயிக்கிறது ஞாயம் இல்லன்னு கொஞ்ச நாள்ல தோணிருச்சு சேர், அதுக்கப்புறம் லொறி போற ரோட்டுலயேதான் ஓடினேன்."

அவ கேட்ட ஒண்ணு

போனவ திரும்பி வந்தா. நாளைக்குத் தன் பேரைக் கொஞ்சம் பிந்திக் கூப்பிட முடியுமான்னு கேட்டா. அம்மா வந்து சேர்ந்த பிறகு கூப்பிடணுமாம். அப்பா இவ சின்னதா இருக்கும்போதே தவறிட்டார். அம்மா சாந்தி கொழுந்தெடுத்து வளர்த்த பிள்ளை. போட்டியெல்லாம் வேலை நாள்லதான் வரும். வேலைக்குப் போகலேன்னா அன்னைக்குப் பேர் விழாது, அதாவது சம்பளம் கிடையாது. மகள் ஒரு மேடையில நின்னுகூட அந்த அம்மா பாத்ததில்ல. இவளுக்கு இது கடைசி வருசம். நாளைக்கு விட்டா அப்புறம் இல்ல.

நிகழ்ச்சி வரிசையை மாத்துற அதிகாரம் மைக் பிடிக்கிறவனுக்குக் கிடையாது, உங்களுக்கே தெரியும். பெரிய கப்பைக் குடுக்கிறது விழாவோட நடுவுலன்னு, விழாவை நடத்துற விளையாட்டுப் பணிப்பாளர் முடிவு பண்ணியாச்சு. ஏன்னா பிரதம விருந்தினர் பனி மூடுறதுக்கு முந்தி மலை இறங்கணும். இதெல்லாம் அவகிட்ட சொல்ல வாயைத் தொறந்தேன்.

"நான் ஓடுறத அம்மா ஒரு தடவைகூடப் பாத்ததில்ல சேர், வீட்டுக்கு வந்ததும் கால்ல முள்ளு குத்தியிருக்கான்னுதான் பாப்பாங்க."

சரின்னு தலையாட்டிட்டேன். வேற என்ன செய்ய?

பேச்சு மேசை

மறுநாள் மண்டபம் நிறைஞ்சிருச்சு. குத்துவிளக்கு ஏத்தி, கீதம் பாடி, பேச்சுகளும் முடிஞ்சது. புவனா முன்வரிசையில அந்தச் சின்னக் கோட்டைப் போட்டுக்கிட்டு, வாசலைப் பாக்கிறதும் போனைப் பாக்கிறதுமா இருந்தா. அம்மாவோட போன் அடிக்கவே இல்ல. வழியில பனியா, வேன் பழுதா, ஒண்ணும் தெரியல. நான் நிலந்தி மிஸ்கிட்ட விசயத்தைக் குசுகுசுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் பணிப்பாளர் கண்ணைப் பாக்காம பெரிய கப்பைத் தள்ளிப்போட ஆரம்பிச்சோம். பூப்பந்து விளையாடின பிள்ளைக்கு நான் குடுத்த பாராட்டைக் கேட்டு அவளே திரும்பிப் பாத்தா, வேற யாரையோ சொல்றாங்களோன்னு. சதுரங்கக்காரனைப் பத்திப் பேசும்போது புராணத்துல இருக்கிற அத்தனை போரையும் இழுத்தேன்.

ரொஷான் வந்தான். ரெண்டு வார்த்தை பேசுப்பான்னு மைக்கைக் குடுத்தா, "நன்றி"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டான். "தம்பி, எவ்வளவு பாரம் தூக்குவீங்கன்னு சபைக்குக் காட்ட முடியுமா?"ன்னு வாய்தவறிக் கேட்டுட்டேன். பையன் சுத்தும்முத்தும் பாத்தான். பேச்சு மேசை, தேக்கு மரம், நாலு பேர் சேந்து தூக்கி வச்சது. குனிஞ்சான், ஒரு மூச்சு இழுத்தான், மேசை அவன் தலைக்கு மேல போயிருச்சு. முகத்துல ஒரு நரம்பு புடைக்கல. சபை கை தட்டுச்சு பாருங்க, கூரைத் தகரம் அதிர்ந்துச்சு. நானும் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். மேசையோட சேந்து மைக் வயரும் பிடுங்கிக்கிட்டு வந்துட்டதால, சவுண்ட்காரர் ஓடிவந்து அதைச் சரிபண்ண நல்ல நேரம் போச்சு. எனக்கு அது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. நிலந்தி மிஸ் மட்டும் என் காதுக்கிட்ட குனிஞ்சு சிங்களத்துல கேட்டாங்க.

"அடுத்து வர்றவன் நீச்சல்காரன் மாஸ்டர், அவனை என்ன செய்யச் சொல்லப்போறீங்க?"

பிரதம விருந்தினர்

பணிப்பாளர் கடைசியில மேடை ஓரத்துக்கே வந்துட்டார். பிரதம விருந்தினரைக் காக்க வைக்கிறது மரியாதை இல்லன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னார். அவர் சொல்றதும் சரிதான். வந்திருந்தது ஒரு காலத்துல நாட்டுக்காக ஓடின அம்மா. தலை நரைச்சிருச்சு, ஆனா படி ஏறும்போது பாத்தா பாதம் தரையில படுதான்னு சந்தேகமா இருக்கும். அவங்க டிரைவர் ரெண்டு தடவை வந்து பனி இறங்குதுன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

இனி மறைச்சுப் பிரயோசனம் இல்ல. அந்த அம்மா நாற்காலிக்குப் பக்கத்துல போய்க் குனிஞ்சு, எனக்குத் தெரிஞ்ச சிங்களத்துல உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒரு கொழுந்தெடுக்கிற தாய் வரணும், அவங்களுக்காகத்தான் இவ்வளவு நேரமும் நாங்க சபையை ஏமாத்திக்கிட்டு இருக்கோம்னு. அவங்க என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. நல்லா வாங்கிக் கட்டிக்கப்போறோம்னு நெனச்சேன். கைப்பையை மடியில இருந்து எடுத்துக் கீழ வச்சாங்க.

"துப்பாக்கி வெடிக்கிற வரைக்கும் குனிஞ்சு நின்னே பழகினவ நான், எனக்கு இன்னொரு தேத்தண்ணி மட்டும் கொண்டுவரச் சொல்லுங்க."

வாசல்ல நின்னவங்க

நடனம் ஒண்ணைப் போட்டுட்டு நான் பின்வாசலால வெளிய ஓடினேன். அந்த முதல் சட்டத்தை என் உடம்பு மீறிக்கிட்டு இருந்துச்சு. வேலையை முடிச்சுட்டுத் திரும்பறேன், சரிவுக்குக் கீழ, ரோட்டோரக் கேட்டுக்கிட்ட, பனிக்குள்ள சின்னதா நெருப்பு எரியுது. பழைய பேப்பரைக் கொளுத்தி ஒருத்தர் தப்பு மேளத்தை வாட்டிக்கிட்டு இருக்கார். ஈரத்துல தோல் தொய்ஞ்சா சத்தம் வராதுல்ல, அதுக்கு. சுத்தி ஒரு லயமே நிக்குது, தோட்டத்து வரிசை வீடுகள்ல குடியிருக்கிற சனம் அத்தனையும். பட்டுச்சேலை கட்டி, மேல ஒரு பழைய சுவெட்டர் போட்டு, கையில செவ்வந்தி மாலையோட ஒரு அம்மா. கேக்கவே தேவையில்ல. மூக்கும் நெத்தியும் அப்படியே புவனா.

"நீங்க எப்பக்கா வந்தீங்க?"ன்னு கேட்டேன். அரைநாள் வேலைக்கு அரைப் பேர் போட்டுட்டுப் பகலே கிளம்பி, விழா தொடங்கின கையோடயே வந்துட்டாங்களாம். வழியில யாரோட பிள்ளையோ வச்சு விளையாடினதுல போன்ல சார்ஜ் தீர்ந்துபோச்சாம். காவலாளி என்னைக் கண்டதும் சிங்களத்துல புலம்பினார், உள்ள போங்கன்னு தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லியும் கேக்கலன்னு. எனக்குப் பொறி தட்டுச்சு. எங்க தோட்டங்கள்ல யாராவது கப்பெடுத்தா, சோதனை பாஸ் பண்ணினா, ஊரே ரோட்டு முனையில நின்னு மாலை போட்டு, தப்படிச்சு, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் வழக்கம். போட்டி நடக்கிற இடத்துக்குள்ள யாரும் போறதில்ல. நானும் லயத்துல பொறந்தவன்தான், மண்டப வாசலையே பாத்துக்கிட்டு இருந்த எனக்கு இது தோணலையே. உள்ள வாங்கக்கான்னு கெஞ்சினேன். அவங்க பின்னால நின்ன கூட்டத்தைக் காட்டினாங்க.

"அழைப்புக் கார்டுல ரெண்டு பேருன்னு போட்டிருக்குங்க சேர், இத்தனை பேரு பனியில நிக்க நான் மட்டும் எப்படிங்க உள்ள போறது?"

கப்பு இங்கேயே இருக்கட்டும்

எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். பணிப்பாளர் ஒதுங்கி வழி விட்டார், அவரும் ஒரு அம்மாவுக்குப் பிள்ளைதானே. நடுவழியால அந்தக் கூட்டம் வந்ததும் புவனா எழும்பி நின்னுட்டா. நான் மைக்கை எடுத்து, எழுதிவச்ச ரெண்டு வரியையும் மறந்து, பேரை மட்டும் சொன்னேன். அம்மாவையும் மேடைக்கு ஏத்தினோம். ஏறும்போது செருப்பைப் படிக்குக் கீழ கழட்டி வச்சுட்டு, மாலையைத் தம்பி முருகேசுகிட்ட குடுத்துட்டு ஏறினாங்க. தப்படிக்க வந்தவர் அவர்தான், பிள்ளைக்குத் தாய்மாமன். மாலை வெளியிலதான் போடணும்னு அந்த அக்கா உறுதியா இருந்தாங்க. கப்பு புவனாவோட நெஞ்சு உயரம் இருந்துச்சு. அம்மா அதைத் தொடல. கோட்டுக் கையைத்தான் தடவிப் பாத்தாங்க.

பிரதம விருந்தினர் என்கிட்ட திரும்பி, இவங்க மகள் ஓடி இன்னும் பாத்ததில்லையான்னு கேட்டாங்க. நான் தமிழ்ல கேட்டேன். "இல்லீங்க, கப்பைத்தான் பாத்திருக்கேன்"னு அந்த அக்கா சொன்னாங்க. அதை அப்படியே சிங்களத்துல சொன்னேன். பிரதம விருந்தினர் கப்பை வாங்கி, ரொஷான் தூக்கின அந்த மேசை மேல வச்சாங்க.

"அப்படின்னா இது இங்கேயே இருக்கட்டும், பக்கத்துல கிரவுண்ட் இருக்குதானே, பிள்ளை ஓடட்டும்."

ஒரு சுத்து

மண்டபமே வெளிய வந்துச்சு. இருட்ட இன்னும் கொஞ்சம் இருந்துச்சு. புவனா குதிகால் செருப்பைக் கழட்டிப்போட்டு, சல்வார் ஷோலை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டா. கோட்டைக் கழட்டல. முருகேசு தப்படிக்க ஆரம்பிச்சார், அவ கிளம்பினா. முதல்ல நடக்கிற மாதிரித்தான் இருந்துச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. புல்லுல கால் படற சத்தமே இல்லாம, அந்தச் சின்ன உடம்பு போகுது, போகுது, கிரவுண்டோட அந்தப் பக்கம் பனிக்குள்ள போய் மறைஞ்சே போச்சு. முருகேசு தப்பை நிறுத்திட்டார். வெள்ளையா ஒரு சுவர், அதுக்குப் பின்னால அந்தப் பிள்ளை ஓடிக்கிட்டு இருக்கா. அந்த அக்கா என் கோட்டைப் பிடிச்ச பிடியில, நவாஸ் நானா போட்ட தையல் விட்டுப்போச்சு.

பனியைக் கிழிச்சுக்கிட்டு அவ வெளிய வந்தப்போ போனதைவிட வேகமா வந்தா. இத்தனை வருசம் எத்தனையோ வீரர்களை மைக்ல வானத்துக்கு ஏத்தியிருக்கேன், அதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு. ஒரு மனுசப் பிள்ளைக்கு இப்படி ஓட முடியும்னு அன்னைக்குத்தான் கண்டேன். பிரதம விருந்தினர் ரெண்டு கையையும் வாயில வச்சுக்கிட்டு நின்னாங்க. புவனா எங்களைத் தாண்டி ஓடி, திரும்பி, மூச்சு வாங்காம வந்து அம்மா முன்னால நின்னா. முருகேசு மாலையை நீட்டிக்கிட்டே நிக்கிறார், வாங்க ஆள் இல்ல. அந்த அக்கா மகளை இப்பதான் முதல்முதலா பாக்கிற மாதிரி பாத்துட்டு, என் பக்கம் திரும்பினாங்க.

"இப்படி ஓடுற புள்ளையவா சேர் நான் கடைக்கு அனுப்பிட்டு, ஏன்டி இவ்வளவு நேரம்னு தெனம் ஏசினேன்?"

இத்தனை வருசமா மைக் பிடிச்சதுல நான் உருப்படியா செஞ்ச ஒரே அறிவிப்பு, "எல்லாரும் கொஞ்சம் வெளிய வாங்க"ங்கிறதுதான், அதையும் அவசரத்துல மைக் இல்லாமத்தான் சொன்னேன்.