குடுமியும் கம்பித் தொப்பியும்

மண்டைக்குள் சிப் வைத்துக்கொண்டவர் நினைத்த மாத்திரத்தில் கம்ப்யூட்டர் பேசுகிற வீடியோவை எனக்கு அனுப்பாத உறவுக்காரர் ஸ்ரீரங்கத்தில் இல்லை. காலையில் பெருமாள் படம், அதற்குக் கீழே மூளைச் சிப். "மாமி, பாருங்கோ, மாமாவும் சீக்கிரம் பேசிடுவார்" என்று ஒரு வரி. அனுப்பிவிட்டால் அவர்கள் கடமை தீர்ந்தது. நேரில் வந்து அவர் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்கார ஒருவருக்கும் ஒழிவதில்லை. எனக்கு இதில் கசப்பு உண்டு, மறைக்கப் போவதில்லை. அந்தக் கசப்பில் பெரிய பங்கு என்மேல்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் என் கணவர் குளித்துவிட்டு வந்து, நெற்றிக்கு இட்டுக்கொள்ள உட்கார்ந்தவர், அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். மூளைத்தண்டுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துவிட்டது. தில்லை நகர் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிட்டு, "உள்ள எல்லாம் தெளிவா இருக்கும்மா. சாருக்கு எல்லாம் கேக்கும், எல்லாம் புரியும். வெளிய வர்ற வழிதான் அடைஞ்சுபோச்சு" என்றார். கை கால் வாய் எதுவும் அசையாது. கண் மட்டும், அதுவும் மேலும் கீழும்தான். மேலே பார்த்தால் ஆமாம். இறுக மூடினால் இல்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் குடித்தனம் நடத்தினோம்.

எழுத்துகள் எழுதிய பலகை ஒன்றும் ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்த வேண்டும், அவருக்கு வேண்டிய எழுத்து வந்தால் மேலே பார்ப்பார். பொறுமை இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு. நான் முப்பது வருஷம் டெலிபோன் ஆபீஸில் இருந்தவள். ஆரம்ப காலத்தில் ட்ரங்க் கால் போர்டில் உட்கார்ந்து, எதிராளி ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கம்பியைச் செருகிவிடுவேன். அதற்காக என்னைக் கெட்டிக்காரி என்பார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பலகையிலும் காட்டினேன். 'தா' என்று வந்ததும், "தாகமா?" என்பேன். 'போ' என்றால், "போர்வையா? போர்த்தியாச்சு." நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா அவர் மனசு? பார்க்க வருகிறவர்களிடம், "அவர் பாதி எழுத்து சொன்னாலே எனக்குப் புரிஞ்சுடும்" என்று பெருமை வேறு.

இப்போது குடுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அவருக்குக் குடுமி இருந்தது. மின்சார ஆபீஸில் வேலை, பேன்ட், சட்டை, பின்னால் சின்னதாக ஒரு முடிச்சு. குடுமிக்காரரைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் சொல்லி அனுப்பினேன். அவர் எடுத்துவிட்டு வந்து தாலி கட்டினார். ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. முப்பத்தைந்து வருஷம் கழித்து ரிட்டயர் ஆன மறுநாள், காபியை வைத்துவிட்டுப் போகத் திரும்பியவளிடம், "இனிமே வளத்துக்கலாமா?" என்று கேட்டார். அனுமதி கேட்டார். நான் சிரித்துவிட்டு, "உங்க தலை, உங்க முடி. என்னை எதுக்குக் கேக்கறேள்?" என்றேன். அதன்பின் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் நரைத்த குடுமியோடு நிற்பார். வீட்டில் நான் கேலி செய்வேன், கோயிலில் தூரத்திலிருந்து பார்த்து உள்ளூர மகிழ்வேன். படுத்த படுக்கையான பிறகு தினமும் எண்ணெய் தடவி அதை முடிந்துவிட்டது என் கைதான்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் சிப் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். டாக்டரிடம் கேட்டேன். "அதெல்லாம் வெளிநாட்டுல சில பேருக்கு வச்சுப் பாத்துட்டு இருக்காங்கம்மா. நம்ம வார்டுக்கு வர நாளாகும்" என்றார். விடுவானா அவன்? தேடித் தேடி, திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் மண்டையைத் திறக்காமலே, கம்பி வைத்த தொப்பியைப் போட்டு எழுத்துக் கூட்ட வைக்கிற ஆராய்ச்சி நடக்கிறது என்று கண்டுபிடித்தான். அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். ஜீயபுரத்துக்காரி, ஸ்கூட்டரில் முன்னால் லேப்டாப் பை, பின்னால் தொப்பிப் பெட்டி. இல்லாததைச் சொல்லி ஆசை காட்டாதவள். அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்தது.

"மனசுல நினைக்கிறத இது படிக்காதும்மா. வீடியோல காட்டுறது மாதிரி இல்ல. ஸ்கிரீன் நடுவுல எழுத்து ஒண்ணொண்ணா மின்னிட்டே இருக்கும். சார் தனக்கு வேண்டிய எழுத்துக்குக் காத்திருக்கணும். அது வர்றப்ப மூளையில சின்னதா ஒரு துள்ளல் வரும். ரேஷன் கடை வரிசையில நம்ம பேரைக் கூப்பிட்டா நிமிருவோமில்ல, அந்த மாதிரி. அதைத்தான் தொப்பி பிடிக்கும். வராமலும் போகலாம்."

அப்புறம் அவர் தலையைத் திருப்பிப் பார்த்தாள். முக்கியமான கம்பிகள் பின்மண்டையில் பதிய வேண்டுமாம். சரியாக அந்த இடத்தில் குடுமி. முடியைப் பிரித்து வைத்தும் முயற்சி செய்யலாம், நேரம் பிடிக்கும், அவ்வளவு தெளிவாக வராது, ஒட்ட வெட்டினால் நல்லது என்றாள். "சாரைக் கேட்டுட்டுச் சொல்லுங்கம்மா. அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதை வாசலில் வைத்துச் சொன்னாள். அவர் படுத்திருந்த அறைக்கும் வாசலுக்கும் பன்னிரண்டு அடி தூரம்.

நான் கேட்டேன். யாரையெல்லாம் கேட்டேன் தெரியுமா? மகனைக் கேட்டேன், "முடிதானேம்மா" என்றான். எங்கள் வீட்டுச் சடங்குகளைச் செய்துவைக்கிற வாத்தியாரை போனில் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆபத்துக்குப் பாவமில்லை. எடுத்துடுங்கோ. பின்னாடி வளத்துண்டா போச்சு" என்றார். டாக்டரைக் கேட்டேன். பஞ்சாங்கத்தைக்கூடக் கேட்டேன். செவ்வாய் ஆகாது, வெள்ளி ஆகாது, ஏகாதசி கூடாது, அவர் நட்சத்திரத்துக்கு ஒத்து வர வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஒரு புதன்கிழமையைப் பிடித்தேன். அந்தத் தலைக்குச் சொந்தக்காரரை மட்டும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்ததல்ல. பேச வேண்டும் என்றுதான் அவருக்கு ஆசை இருக்கும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

முடி வெட்டுகிறவர் தெற்கு வாசல் பக்கத்திலிருந்து வந்தார். தலையைப் பார்த்ததும் கத்தரியை எடுக்கக் கை தயங்கியது. "நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா?" என்றார். "எல்லாரையும் கேட்டாச்சு, வெட்டுங்கோ" என்றேன். இரண்டே வெட்டு. முடிச்சு தனியாக என் உள்ளங்கையில் வந்தது, எண்ணெய்ப் பிசுக்கோடு. அப்போது அவர் கண்ணை இறுக மூடினார். திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி இறுக மூடினார். "ஐயோ, முடி விழுந்துடுத்து" என்று நான் ஈரத் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன். முடி வெட்டுகிற மெஷின் ஓடி முடிகிறவரை மூடிக்கொண்டே இருந்தார். நானும் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அதற்கு மறுநாள் பலகையை எடுத்தபோது 'கு' என்றார். குளிரறதா என்று போர்த்தினேன். கண்ணை மூடினார். 'கு' என்று மறுபடி ஆரம்பித்தார். குமட்டறதா என்று தலையணையை உயர்த்தினேன். நாலைந்து நாள் இப்படி நடந்தது. பிறகு அவர் பலகையைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். சலிப்பு, தொப்பி வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

தொப்பி வந்தது. நீச்சல் தொப்பி மாதிரி இருக்கும், ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு ஓட்டையிலும் பசையைப் பிதுக்குவாள். ஃபேன் ஓடக் கூடாது, மிக்ஸி கூடாது, இன்வெர்ட்டர் கூடாது, பக்கத்து வீட்டு மோட்டாரைக்கூடக் கெஞ்சி நிறுத்த வேண்டியிருந்தது. கரன்ட்டின் இரைச்சல் மூளையின் சத்தத்தை அமுக்கிவிடுமாம். ஆயுசெல்லாம் ஊருக்குக் கரன்ட் கொடுத்தவருக்குக் கடைசியில் கரன்ட்டே எதிரி. மூன்று வாரம், வாரத்துக்கு மூன்று நாள், சித்திரை வெயிலில் விசிறியில்லாமல் உட்கார்ந்தோம். முதலில் அந்தப் பெண் கொடுக்கிற எழுத்துகளை மட்டும் அவர் எண்ணிக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தப்புத் தப்பாக வந்தது. அப்புறம் மெல்ல மெல்லச் சரியாக வர ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை காலை, "இன்னிக்கு சார் இஷ்டத்துக்கு எழுதட்டும்" என்றாள். மகன் போனில் காத்திருந்தான். அவனிடம் அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன். எழுத்துகள் மின்னத் தொடங்கின. எவ்வளவோ நேரம் கழித்து 'வே' என்று வந்து நின்றது.

"வேர்க்கறதா? செத்த பொறுங்கோ, ஃபேன் போட முடியாது" என்றேன்.

'வேண்' என்று வந்தது. "என்ன வேணும்னா? தீர்த்தமா?"

"அம்மா, கொஞ்சம் சும்மா இருங்க. சார் முடிக்கட்டும்" என்றாள் அந்தப் பெண். அதட்டவில்லை. ஆனால் மூன்று வருஷத்தில் அந்த வார்த்தையை என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் 'வேண்டாம்' என்று ஆயிற்று. தொப்பி வேண்டாம் என்கிறாரோ, வலிக்கிறதோ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். எழுத்துகள் மேலும் ஓடின. இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வேண்டாம்னு சொன்னேன்.

"எதை வேண்டாம்னு சொன்னீங்க சார்?" என்று அந்தப் பெண் அவரிடம் குனிந்து கேட்டாள். அவர் மறுபடி காத்திருந்தார். முதல் எழுத்து 'கு'. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் கடைசி எழுத்துவரை எழுதி முடித்தார். குடுமி.

இதைச் சொல்ல அவருக்குத் தொப்பியே தேவைப்பட்டிருக்கவில்லை. அந்தப் புதன்கிழமை கண்ணாலேயே சொல்லியிருக்கிறார், ஒரு தரம் இரண்டு தரமல்ல. நான் துடைத்துத் துடைத்து அழித்திருக்கிறேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "நான் உங்களைக் கேக்கச் சொன்னேனேம்மா" என்று அவள் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகத் தொப்பியைக் கழற்றி, பசையை வெந்நீரில் துடைத்து, ஸ்கூட்டரில் பெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டு போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, வெட்கம்தான்.

"ஏன்னா, மறுபடி வளக்கட்டுமா?" என்று கேட்டேன். முப்பத்தைந்து வருஷம் காத்திருந்து என்னிடம் அனுமதி கேட்டவரிடம், அவர் தலைமுடியைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது. அவர் மேலே பார்க்கவில்லை, கண்ணை மூடவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் போன் அடித்தது. மகன். ஸ்பீக்கரில் போட்டு அவர் தலைமாட்டில் வைத்தேன், பழக்கம் அப்படி.

"அம்மா, வந்துதா? அப்பா என்ன சொன்னார்?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் அவன் குரலில் இருந்த ஆசை, என் வெட்கம், எல்லாம் சேர்ந்து நாக்கைப் பிடித்துத் திருப்பிவிட்டன. "ரங்கான்னார்டா" என்றேன். "முதல் வார்த்தையே பெருமாள் பேர்தான்."

அந்தப் பக்கம் மகன் தேம்பி அழுவது கேட்டது. சாயங்காலத்துக்குள் அது எல்லோர் போனுக்கும் போய்விடும், பெருமாள் படத்தோடு. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். திறந்தார், என்னைப் பார்த்தார், மறுபடி இறுக மூடினார். கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்ல, இந்தத் தடவை முடி ஒன்றும் இல்லை.