விதுரை வரை ஒரு பூட்டு

காலை 8.10. தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொன்முடி மலைக்குப் போகும் பஸ். நாங்கள் இறங்க வேண்டிய கல்லாறு ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். நடுவில் ஜன்னலோரம் பிள்ளை, அவருக்குப் பின் சீட்டில் டாக்டர், டாக்டருக்குப் பக்கத்தில் நான்.

வலியசாலைக்காரரான டாக்டர் இளமையில் கல்கத்தா போய் உளப்பகுப்பாய்வு படித்தவர். அந்த நாளில் அது வியன்னாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்த புது வித்தை. நோயாளி கண்மூடிப் படுத்துக்கொண்டு, மனதில் வருவதைச் சல்லடை போடாமல் சொல்ல வேண்டும். மருத்துவர் கண்ணில் படாமல் பின்னால் உட்கார்ந்து கேட்பார். ஊர் திரும்பியதும் டாக்டர் ஒரு நீண்ட சோபா வாங்கிப் போட்டார். ஒருவரும் படுக்கவில்லை. "பெரியவர் முன்னால காலை நீட்டவா?" என்று எல்லாரும் நுனியில் உட்கார்ந்தார்கள். சோபாவில் இப்போது பழைய பேப்பர் கிடக்கிறது. டாக்டர் பஸ்ஸுக்கு மாறிவிட்டார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்காமல் பேசுவதை யாரும் மரியாதைக்குறைவாக எடுத்துக்கொள்வதில்லை.

பிள்ளை (பெயர் மாற்றியிருக்கிறேன்) ஒரு கடையில் கணக்கர், மனைவியை இழந்தவர். பத்திரிகையில் எழுதும் நான் கூட வரலாமா என்றதற்கு, "பேப்பர்காரரும் கேக்கட்டுமே" என்று சிரித்தார். வீட்டைப் பூட்டிய பிறகும் பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பதுதான் அவர் தொல்லை. மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையின் வீடு பார்க்க நாகர்கோவில் கிளம்பி, இரண்டு முறை தம்பானூரிலிருந்தே திரும்பிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமையும் போகாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாக அவர்கள் சொல்லியனுப்பிவிட்டார்கள். இன்று திரும்பாமல் கல்லாறு வரை போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு.

9.00. நெடுமங்காடு. "டாக்டரே, ஒரு சம்சயம். பூட்டினேனா?"

"சாவி எங்கே ஓய்?"

"மடியில இருக்கு."

"அப்புறம் என்ன? தோணறதைச் சொல்லும்."

ரப்பர் தோட்டங்கள் வந்தன. பிள்ளை கடை முதலாளியைத் திட்டினார், மரச்சீனிக் கிழங்கு விலையைச் சொன்னார், மகள் வைக்கும் தீயல் குழம்பைப் புகழ்ந்தார். "இன்னைக்கும் வைப்பா. காலையிலேயே தேங்கா வறுத்துக்கிட்டு இருந்தா."

டாக்டர் முன்னால் குனிந்தார். "வறுத்துண்டு இருந்தாளா? நீர் கிளம்பறச்சேயா?"

"ஆமா."

"அப்போ யாரை ஓய் பூட்டிட்டு வந்தீர்?"

பிள்ளை மடியைத் தொட்டுப் பார்த்தார். "அய்யோ, மக உள்ளல்லா இருக்கா!"

9.50. விதுரையில் இறங்கித் தபாலாபீஸுக்கு ஓடினோம். பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து வக்கீல் வீட்டில்தான் போன். டிரங்க் கால் கிடைக்க முக்கால் மணி நேரம். பஸ் போய்விட்டது. அங்கே போனை எடுத்தவள் மகளே. அவள் சிரித்தது எனக்கே கேட்டது.

"அப்பா, பின்வாசல் இருக்குல்லா! நீங்க எப்பப் பூட்டிட்டுப் போனாலும் நான் அது வழியாத்தானே போறேன்."

"எப்பவுமா? பின்னே ஏன்டி சொல்லல்ல?"

"சொன்னா அதையும் பூட்டிருவீங்களே!"

பிள்ளை ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் மூன்று சாயாவும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் சொன்னார். முதல் கிளாஸை டாக்டரிடம் நீட்டினார். "கள்ளனுக்குப் பயந்துல்ல டாக்டரே. அவ போயிருவாளேன்னு தான்." டாக்டர் சாயாவை ஆற்றினார்.

11.20. தம்பானூருக்குத் திரும்பும் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் எங்களைப் பார்த்தார். பிள்ளை இன்னொரு பழம்பொரி எடுத்துக்கொண்டார். பஸ் கிளம்பிப் போனது.

எங்கள் ஊரில் இப்படி ஒரு விஷயத்தைப் பேச நல்ல நாள் பார்ப்பார்கள், நாலு பெரியவர்களைக் கூப்பிடுவார்கள். இங்கே ஒரு ஜன்னலோர சீட்டு போதுமாயிருந்தது.

12.15க்கு அடுத்த மலை பஸ். கல்லாறு வந்தபோது டாக்டர் எழுந்தார். "இருங்க, மேலயும் பாத்துட்டு வருவோம்" என்று பிள்ளை பொன்முடிக்கு மூன்று டிக்கெட் சொன்னார். முதல் கொண்டையூசி வளைவில், முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"வெள்ளிக்கிழமை நாகர்கோவில் போறேன் டாக்டரே. பூட்ட வேண்டாம். அவதான் வீட்ல இருப்பாளே."