பச்சை உடைக்குள் இருந்தவள்

படப்பிடிப்புக்குத் திட்டம் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எந்த ஷாட் எந்த நாளில், யாருக்கு எத்தனை மணிக்கு வண்டி, மழை வந்தால் எந்த அறைக்குள் ஓடுவது, எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். யூனிட்டில் அவளுக்கு 'லிஸ்ட்டு' என்றே பெயர். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் படங்களுக்கு உழைத்தவள், அண்ணன் சொந்தமாகப் படம் எடுக்கிறான் என்றதும் இருந்த வேலையை உதறிவிட்டு வந்தாள்.

கதையில் நாயகி காற்றில் மிதக்க வேண்டும். பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்துச் சுவர் முழுக்கப் பச்சைத் துணி கட்டினார்கள். தலைமுதல் கால்வரை பச்சை உடை போட்ட ஒருவர் நாயகியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடையில் நடப்பார். பிறகு கம்ப்யூட்டரில் அவரை அழித்துவிடுவார்கள். ஆறாம் நாள் அந்த ஆள் வரவில்லை.

"நீ போட்டுக்கோ. உன்னை யாரும் பாக்கப் போறதில்லையே," என்றான் அண்ணன். அவளும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டாள்.

ஆளுயர மேடை. முகமூடிக்குள் கண் சரியாகத் தெரியவில்லை. நாயகியை இறக்கிவிட்டுத் திரும்பியவள், விளிம்பைத் தாண்டிக் கால் வைத்துவிட்டாள். கீழே வெறும் சிமெண்டுத் தரை. இடுப்பு நொறுங்கி அவள் அலற, கேமராக்காரர் பதறிப்போய்த் திரும்பினார். அண்ணன் விரலைச் சுழற்றி, கேமரா ஓடட்டும் என்று சைகை காட்டினான்.

ஆஸ்பத்திரிக்கு அண்ணிதான் வந்தாள்.

"கீழ மெத்தை போட்டிருந்தேனே அண்ணி. யார் எடுத்தா?"

"துணியில நிழல் விழுதுன்னு உங்க அண்ணன்தான் எடுக்கச் சொன்னாராம். நீ பாத்திருக்கக் கூடாதா? லிஸ்ட்டு போடறவ நீதானே?"

எட்டு மாதம் கழித்து ஊன்றுகோலோடு படம் பார்க்கப் போனாள். நாயகி மிதந்தாள். சுமந்த தோளைச் சுவடில்லாமல் துடைத்திருந்தார்கள். ஒரு காட்சியில் பேயைக் கண்டு நாயகி அலறினாள். அது இவள் மேடையிலிருந்து விழுந்தபோது போட்ட அலறல். நடுவே "அண்ணா" என்று கூப்பிட்ட இடத்தை மட்டும் நறுக்கியிருந்தார்கள்.

வெளியே அண்ணனைப் பிடித்தாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா இப்படிக் கத்தியிருப்பியா?" என்றான் அவன். "அடுத்த படத்துக்குத் திட்டம் போடணும். உக்காந்து செய்ற வேலைதான்."

"வேற ஆளைப் பாரு."

"சரி. உனக்கு யார் வேலை குடுப்பாங்கன்னு பாக்கறேன்."

மூன்று மாதம் கம்பெனி கம்பெனியாகப் படியேறினாள். ஊன்றுகோலைப் பார்த்ததுமே எல்லோரும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அனுப்பிவைத்தார்கள். நாலாம் மாதம் அவளே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"மொத்தம் எத்தனை சீன்?" என்று மட்டும் கேட்டாள்.