படத்தில் அழுத பிள்ளை

சினிமாவில் குழந்தை அழுதால், அழுவது குழந்தையல்ல. கைக்குழந்தையை மைக் முன்னால் கொண்டுவந்து வைத்து அழு என்றால் கொட்டாவி விடும். கொஞ்சம் சும்மா இரு என்றால் ஊரைக் கூட்டும். அதனால் அந்த வேலைக்கென்றே ஒருத்தி இருந்தாள். ஸ்டுடியோவில் அவளைப் பாப்பாம்மா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

ஒரு துண்டை மடித்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். கண்ணை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான், அந்த ஆள் அங்கே இருக்கமாட்டாள், தொட்டில்தான் இருக்கும். பசி அழுகை வேறு, தூக்க அழுகை வேறு. பசிக்கு அழுகிற குழந்தை நடுநடுவே நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று காது கொடுக்கும். தூக்கத்துக்கு அழுவது இழுவை, தனக்கே பிடிக்காத பாட்டைப் பாடுகிறமாதிரி. எறும்பு கடித்தால் முதலில் சத்தமே வராது. மூச்சடைத்து, முகம் சிவந்து, பிறகுதான் வெடிக்கும். எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டில் அவள் அழுது பழகும்போது பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள்: "இப்ப அழறது உன் வேலையா, உன் பிள்ளையா? சொல்லித் தொலை, நான் தூக்கிட்டு வந்து பாக்கணுமா வேண்டாமா?"

அப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. பிறந்ததிலிருந்தே சீக்கு. பால் குடிக்கவும் தெம்பில்லை. அழுகைகூட மற்றப் பிள்ளைகள் அழுகைபோல் இருக்காது. இரண்டு விக்கல், பிறகு நூலிழைமாதிரி ஒரு சத்தம், அது அறுந்து மறுபடி இரண்டு விக்கல். காய்ச்சல் ஏறியிருந்த ஒரு நாள், குழந்தையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு அவள் வேலைக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பவர்கள் கேட்கட்டும். போனாள்.

அன்றைக்குப் பதிவானது ஒரு படத்தின் கடைசிக் காட்சி. ஆற்றில் வெள்ளம். அக்கரையில் மாட்டிக்கொண்ட தாய் விடிந்ததும் தண்ணீரில் இறங்கி வீட்டுக்கு ஓடிவருகிறாள். வாசலுக்கு வரும்வரை குழந்தையின் அழுகை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கதவில் கை வைக்கிறாள். அழுகை நின்றுவிடுகிறது. அத்தோடு படம் முடிந்தது. கதவு திறப்பதைக்கூடக் காட்டவில்லை.

பாப்பாம்மா வழக்கமான சோர்ந்த அழுகை ஒன்றைக் கொடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் துண்டை வாயில் வைத்ததும் வந்தது வீட்டில் விட்டுவந்த அழுகை. இரண்டு விக்கல், நூலிழை, மறுபடி விக்கல். ஒலிப்பதிவாளர் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "போதும்மா. இதுக்குமேல ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

படம் வெளிவருவதற்குள் குழந்தை போய்விட்டது.

படம் ஓடியது, அப்படி ஓடியது. அந்த அழுகை நிற்கிற இடத்தில் தியேட்டரில் ஒருவர் இருமமாட்டார். பாப்பாம்மா பகல் காட்சிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, படம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். கேட்கத்தான் போனாள், பார்க்க இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஒரு போட்டோ கிடையாது. ஒரு சட்டையைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். பிற்பாடு எத்தனையோ பேர், "அந்தப் பட அழுகையைக் குடுங்கம்மா" என்று கேட்டார்கள். "அது வராதுங்க, வேற தரேன்" என்று சொல்லிவிடுவாள். பிடிவாதக்காரி என்று பேர் வந்தது. வரட்டுமே.

பிறகு ஒரு மகன் பிறந்தான். கொழுகொழுவென்று, சிரிப்பாணிப் பிள்ளை. சிரித்தால் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு கீச்சு வரும். பள்ளிக்கூடம் போகிற வயதில் அப்பாவிடம் கேட்டான், அந்தப் படத்தில் அழுவது யாரென்று. அப்பா செட் போடுகிற தச்சர், பேச்சைச் சுருக்கமாக முடிக்கிற ஆள். மனைவியின் முகத்தைப் பார்த்தார். "நீதாண்டா. உன் அழுகையைக் கேட்டுத்தான் உங்கம்மா கத்துக்கிட்டா" என்று முடித்துவிட்டார். அவள் மறுக்கவில்லை. மறுத்தால் மிச்சத்தையும் சொல்லவேண்டும்.

அவன் அதை ஊர் முழுக்கச் சொன்னான். பையன்கள் அழுகுணி என்று பேர் வைத்தார்கள்; அவன் அதைப் பட்டம்போல் சூடிக்கொண்டான். வளர்ந்து முடிதிருத்தும் கடை வைத்தான். கண்ணாடிக்கு மேலே அந்தப் படத்தின் போஸ்டரைச் சட்டம் போட்டு மாட்டினான். நாற்காலியில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், கழுத்தில் துணியைக் கட்டுவதற்குள் சொல்லிவிடுவான்: "அதுல அழறது நான்தாங்க." படம் அவனைவிட மூத்தது என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. பெருமை பேசுகிற இடத்தில் யார் வயசைக் கேட்பார்கள்?

தச்சர் காலமானார். பாப்பாம்மாவும் வேலையை விட்டுக் கடைக்குப் பின்கட்டில் மகனோடும் மருமகளோடும் இருந்தாள். கடைத் துண்டுகளைத் துவைத்து மடித்து அடுக்குவது அவள் பொறுப்பு. அப்படியிருக்கும்போதுதான் அந்தப் படத்தை மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்று சேதி வந்தது. கடையில் ஒரே ரகளை.

"பழைய நல்ல படங்களைத் தொடவே கூடாதுய்யா" என்றார் நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார். "எடுத்தவன் உயிரைக் குடுத்து எடுத்தான். இவனுங்க அதுக்குக் கலர் சட்டை மாட்டி ஆடவிடுவானுங்க."

"ஏன் சார், போன மாசம் வெட்டின தலையைத்தானே இந்த மாசமும் வெட்டறேன்? உங்க தலையை நான் ரீமேக் பண்ணலாம், அவங்க படத்தைப் பண்ணக் கூடாதா?"

"முடி வளருது, வெட்டறே. படம் வளருமா?"

"உங்களுக்கு முடிகூட வளரலையே சார். பழக்கதோஷத்துலதானே வரீங்க."

கடையே சிரித்தது, வாத்தியாரும் சேர்ந்து. பின்கட்டில் துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

சில நாள் கழித்து, உதவி இயக்குநர் என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் தேடி வந்தாள். நல்ல பெண், செருப்பை வாசலிலேயே விட்டு, தரையில் உட்கார்ந்து பேசினாள். "அந்த அழுகை மட்டும் எங்களால முடியலைம்மா. எத்தனையோ பேரை வெச்சுப் பாத்துட்டோம். நீங்களே வந்து குடுக்கணும்."

"அந்தப் படத்தைத் தொடாதீங்கம்மா" என்றாள் பாப்பாம்மா.

"ஏம்மா?"

"எடுத்தாச்சு இல்ல? முடிஞ்சுபோச்சு. முடிஞ்சதை எதுக்குத் திரும்ப?"

மகன் கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தான். "அம்மா, என் அழுகைம்மா அது! மறுபடி தியேட்டர்ல கேக்கப்போகுது. உனக்கு என்ன வீம்பு?"

"நீ கடையில ஆளைப் பாதி தலையோட உக்காரவெச்சிட்டு வந்திருக்கே. போடா."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டு எழுந்தாள். போகிறபோக்கில் சொன்னாள், "பரவாயில்லைம்மா. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு நெனச்சேன். கடைசிக் காட்சியை மாத்திட்டோம். இப்ப அந்தக் குழந்தை பிழைச்சுடும்."

துண்டு மடித்த கை நின்றது.

"பிழைச்சுடுமா?"

"ஆமாம்மா. அம்மா கதவைத் திறந்து தூக்கிடுவா. அழுகை அப்படியே அடங்கி, சிரிக்கும். அதோட படம் முடியும்."

பாப்பாம்மா பாதியில் நின்ற துண்டை மடித்து முடித்தாள். பிறகு, "என்னைக்கு வரணும்?" என்று கேட்டாள்.

தான் ஜெயித்துவிட்டதாக மகன் நினைத்தான். மருமகள் மட்டும் மாமியாரின் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். முட்டாள்தனம்தான், படத்தில் ஒரு பிள்ளை பிழைத்தால் மண்ணுக்குள் போன பிள்ளை எழுந்து வருமா? வராதென்று பாப்பாம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்தும் போனாள். ஆசைக்கு எங்கே காது இருக்கிறது.

ஸ்டுடியோ மாறியிருந்தது. சுவரெல்லாம் புதுத் துணி, எங்கும் குளிர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநரும் அந்தப் பெண்ணும் ஒலிப்பதிவாளரும். ஓரத்தில் வேலை நாளும் அதுவுமாகக் கடையை மூடிவிட்டு வந்திருந்த மகன். பாப்பாம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டை மடித்து வாயில் வைத்தாள். எதிரே திரையில் வெள்ளம் ஓடியது.

இத்தனை வருடம் கூப்பிடாத சத்தம், வருமோ வராதோ என்று பயந்துகொண்டிருந்தாள். அது வாசலில் காத்திருந்ததுபோல் வந்தது. இரண்டு விக்கல். நூலிழை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. திரையில் தாய் கதவைத் திறந்தாள், குழந்தையைத் தூக்கினாள். அழுகையை மெல்ல அடக்கினாள் பாப்பாம்மா. திரையில் பொக்கை வாய் விரிந்தது.

சத்தம் வரவில்லை. துண்டுக்குப் பின்னால் அவள் வாய் திறந்தே இருந்தது.

"பரவாயில்லைம்மா, இன்னொரு தடவை" என்றது ஸ்பீக்கர்.

மறுபடியும் அழுகை வந்தது. மறுபடியும் சிரிப்பு வரவில்லை.

"ஏதாவது ஒரு குழந்தைச் சிரிப்பு போதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

அவளுக்குத் தெரியாததா! எத்தனை குழந்தைகளாகச் சிரித்து எத்தனை படத்தில் கைதட்டல் வாங்கியிருக்கிறாள். மூன்றாவது தடவை, அழுகை அடங்கியதும் ஒரு சிரிப்பைக் கொடுத்தாள். குலுங்கிக் குலுங்கி, கடைசியில் கீச்சென்று முடிகிற சிரிப்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கைதட்டினார்கள். உதவி இயக்குநர் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இயக்குநர் மைக்கை அழுத்தி, "அற்புதம்மா! இதேதான்!" என்றார்.

பாப்பாம்மா துண்டை இறக்கினாள். "வேண்டாங்க. அதை அழிச்சுடுங்க."

"என்னம்மா சொல்றீங்க? இவ்வளவு நல்லா வந்திருக்கு!"

"நல்லாத்தான் வந்திருக்கு. ஆனா அழுதது ஒருத்தி, சிரிச்சது ஒருத்தன். ரெண்டும் ஒரே பிள்ளை இல்லைங்க."

அவர்களுக்குப் புரியவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றார்கள், கெஞ்சினார்கள், கடைசியில் கொஞ்சம் கோபமும் பட்டார்கள். அவள் மைக் முன்னால் இருந்து நகரவே இல்லை. "அழுகையையும் சேர்த்து அழிங்க. நான் பாத்துட்டுத்தான் போவேன்" என்று நின்றாள். கடைசியில் ஏதோ பொத்தானை அழுத்தி, அழித்தாயிற்று என்றார்கள். அவளுக்கு அந்த மெஷின் தெரியாது. அவர்கள் சொன்னதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் மகன். அவள் மைக்கில் சொன்னதைக் கேட்டதுமே எழுந்து வந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, சிரிச்சது நான்தானே?"

"நீதாண்டா. அந்தக் கீச்சு வேற யாருக்கு வரும்?"

"அழுதது?"

பாப்பாம்மா மடியிலிருந்த துண்டைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். "உனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா. ரொம்ப நாள் இல்லை."

"எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"உங்கப்பா உனக்குக் குடுத்துட்டாரு. நீ அவ்வளவு சந்தோஷமா வெச்சிருந்தே. எப்படிடா பிடுங்கறது?"

அவன் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ சிரிப்பு எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

"சிரிக்கலையேடா" என்றாள். "அதுக்குள்ள போயிட்டா. நானும் ஆசையாத்தான் வந்தேன். பிழைக்கவெச்சுடலாம்னு. கதவு வரைக்கும் வந்துட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒண்ணும் இல்லை."

புதுப் படம் வந்தது, கொஞ்ச நாள் ஓடியது, போயிற்று. அதில் குழந்தை எப்படி அழுகிறது, எப்படிச் சிரிக்கிறது என்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. யாரும் போகவில்லை.

அப்புறம் ஒரு நாள் பகலில் கடை டிவியில் பழைய படத்தைப் போட்டார்கள். கடைசிக் காட்சி வந்ததும் மகன் கையிலிருந்த கத்தரிக்கோலை நிறுத்தினான். முன்பும் நிறுத்துவான், எல்லாரையும் ஒரு முறை சுற்றிப் பார்ப்பதற்காக. இப்போது யாரையும் பார்க்கவில்லை. வாத்தியார் பக்கத்தில் இருந்த புது ஆளிடம், "இது யாரு அழறது தெரியுமா? நம்ம கடைக்காரர்தான்" என்றார்.

"நான் இல்லை சார்" என்றான் அவன். "எங்கக்கா."

"உனக்கு ஏதுய்யா அக்கா? இத்தனை வருஷமா வரேன், சொல்லவே இல்லையே?"

"கேளுங்க சார். இப்ப நின்னுடும்."

பின்கட்டுக் கதவோரம் மடித்த துண்டுகளோடு பாப்பாம்மா நின்றிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். டிவியில் தாய் கதவில் கை வைத்தாள். அழுகை நின்றது. பாப்பாம்மா கண்ணைத் திறந்தாள். அவள் துண்டுகளைக் கண்ணாடிக்குக் கீழே அடுக்கிவிட்டு உள்ளே போனாள்.