ரம்பத்துக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் இடம்

சேரப்பணஞ்சேரி அப்பாவுவைப் பெரிய தச்சன் என்று சொல்ல முடியாது. அவன் செய்த கதவுகள் முதல் மழைக்கே உப்பிக்கொண்டு நிலையில் இடிக்கும். ஆனால் சொன்ன நாளில் கொண்டுவந்து மாட்டிவிடுவான். அதற்காகவே வேலை வந்துகொண்டிருந்தது. படப்பையில் அவன் வாடகைக்கு வைத்திருந்த கொட்டகையை 1991 தொடக்கத்தில் இடத்துக்காரர் விற்றுவிட்டார். பட்டறையை வீட்டின் பக்கவாட்டு அறைக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

அறையில் நீளம் உண்டு, அகலம் இல்லை. வட்ட ரம்ப மிஷினைக் காங்கிரீட்டில் போல்ட் வைத்து இறுக்க வேண்டும். இறுக்கிவிட்டால் பிறகு நகர்த்த முடியாது. ஆகவே எது எங்கே என்று தரையில் முழு அளவில் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தான். நடுவில் ரம்பம், வாசல் பக்கம் பலகை அடுக்கு. இழைக்கிற மேசைக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. அழித்து அழித்துப் போட்டான். ஒவ்வொரு முறையும் ரம்பத்துக்குப் பின்னால், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு, ஒரு சதுரம் காலியாகவே நின்றது.

பக்கத்து வீட்டு வெங்கடேசன் எட்டிப் பார்த்தார். "மேசைய அங்க போடேன்யா. ரம்பத்துக்குச் சமமா ஒசரம் வெச்சா, பலகை தானா அது மேல போய்ப் படுத்துக்கும். பின்னால ஆளே வாணாம்."

"பாக்கலாண்ணா" என்றான் அப்பாவு.

யோசனை சரியானது. அவனுக்கும் அது தெரியும். ஆனால் இத்தனை வருடமாக அந்த இடத்தில் நின்று, அறுபட்டு வரும் பலகையை வாங்கி இழுத்தவன் மாரி, அப்பாவுவின் மனைவி செங்கமலத்தின் தம்பி. போன ஐப்பசியில் ஒரகடம் சாலையில் லாரி அடித்து இறந்துபோனான்.

மறுநாள் செங்கமலம் அறையைப் பெருக்கியிருந்தாள். கோடுகளெல்லாம் அழிந்திருந்தன. அந்தச் சதுரத்தில் மட்டும் தூசி அப்படியே கிடந்தது. துடைப்பம் அதைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"அங்க ஏன் பெருக்கல?"

"நீ ஏன் மேசை போடல?"

இல்லாத ஒருவனுக்கு இடம் தேவைப்படாது என்றுதான் நாம் நினைக்கிறோம்.

"ரெண்டு பேரும் இதச் சுத்திச் சுத்தி வந்துகினு, எத்தினி நாளைக்குய்யா?" என்றாள் அவள். "அவன் நிக்கிற எடம் வூட்டுக்குள்ள வாணாம். முடியலன்னா மிஷின வித்துட்டு கூலிக்குப் போ."

அப்பாவு ரம்பத்தைப் பின்சுவரை ஒட்டித் தள்ளிவைக்க முடிவு செய்தான். மிஷின் உயரத்துக்குச் சுவரில் ஒரு துளை உடைத்தான். பலகை அதன் வழியே கொல்லைக்குப் போய்விடும். வெளியே அதைத் தாங்க ஓர் உருளைக் கட்டை. சுத்தியல் சத்தம் கேட்டு வெங்கடேசன் ஓடிவந்தார்.

"இன்னா அப்பாவு, வூட்டுக்கு மூக்கு குத்துறியா?"

செங்கமலம் சிரித்துவிட்டாள். அன்று அறை முழுவதையும் பெருக்கினாள். மேசைக்கும் இடம் கிடைத்தது.

காங்கிரீட் இறுகியதும் முதல் வேப்பம்பலகையை ரம்பத்தில் கொடுத்தான். முனை துளைக்குள் நுழைந்து மறைந்தது. பாதி அறுத்தபோது கையில் பாரம் குறைந்தது. மாரி மறுமுனையை வாங்கும்போது அப்படித்தான் குறையும். அப்பாவு மோட்டாரை நிறுத்தினான். சதுரம் அறைக்குள் இருந்தவரை அது காலி என்று கண்ணால் பார்க்க முடிந்தது. இப்போது பலகையின் மறுமுனை சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"செங்கமலம், நீ புடிச்சியா?"

"நான் அடுப்பாண்ட கீறேன். இன்னா?"

அவள் வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பாதியில் நிற்கும் பலகையைப் பார்த்தாள். அரிசி முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். சற்று நேரத்தில் துளை வழியாக அவள் குரல் வந்தது.

"நான் இங்க குந்திகினு கீறேன். நீ தள்ளு."

அப்பாவு மோட்டாரைப் போட்டான். பலகை முன்போலவே லேசாகப் போயிற்று. அவள்தான் பிடிக்கிறாளா என்று அவன் கேட்கவில்லை.