நசீரின் கதவு ஸ்பீக்கரும் என் ஒரு மீட்டரும்

இன்னிக்குச் சாயங்காலம் எங்க வீட்டு வாசலில் ஸ்பீக்கர் போட்டி.

நசீர் ஒரு மாசமாக உட்கார்ந்து செய்த தட்டை ஸ்பீக்கர், கதவு உயரம். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அலுமினியப் பட்டை ஒட்டி, பின்னால் வரிசையாகக் காந்தம். எதிரில் மைக்செட் ரவி அண்ணனின் பொட்டி ஸ்பீக்கர்.

"உன்னுது ஜெயிச்சா, ஞாயித்துக்கிழமை கவரைப்பேட்டை கல்யாணத்துல இதையே வெக்கிறேன்டா" என்றார் அண்ணன்.

அளந்தது நான். ரெண்டுக்கும் ஒரே பவர், ஒரே பாட்டு, ஒரு மீட்டர் தள்ளி என் போன். முதலில் பொட்டி, அடுத்து நசீருடையது. பொட்டி ஆறு டெசிபல் அதிகம்.

"கதவைப் பாடச் சொன்னா கீச்சுன்னுதான்டா பாடும். கீலுக்கு எண்ணெய் ஊத்து" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் பொட்டியை வண்டியில் ஏற்றிக்கினு கிளம்பியதும், நசீர் தாளைக் கிழித்துச் சுருட்டிவிட்டுப் போய்விட்டான்.

அப்புறம்தான் தெருக்கோடிக் கடையிலிருந்து அக்கா வந்தாள்.

"மொத தபா போட்டது கடையாண்ட சரியாவே கேக்கல. ரெண்டாவது இன்னாடா அது? வார்த்தை வார்த்தையா கேட்டுது."

தேடிப் படித்தேன். அவ்வளவு உயரமான தட்டை ஸ்பீக்கரில், தள்ளிப் போகப் போகச் சத்தம் மெதுவாகத்தான் குறையுமாம். கல்யாணத்தில் யாரும் ஸ்பீக்கர் மடியில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அளக்கும்போது எனக்கு இது தோணவில்லை, கிண்டல் மட்டும் உடனே தோணுச்சு.

நசீர் போனை எடுக்கவில்லை.

பட்டை ஒட்டத் தெரிஞ்சவங்க நாளைக்குக் காலையில அவன் ஊட்டுக்கு என்கூட வாங்க. கிண்டல் பண்றவங்க வேணாம், அதுக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கான்.